இந்தியாவில் கைதானால்: பர்மாத் தமிழர் கேட்கும் கேள்விகளும் பதில்களும்

யாங்கூனில் இருந்து தமிழ்நாட்டுக்குப் போகிறவர்களுக்கு விசாப் படிவம் நிரப்பிக் கொடுப்பது என் வேலைகளுள் ஒன்று. வேலூருக்கு வைத்தியத்துக்குப் போகிறவர், வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்டவர், 1964-க்குப் பிறகு கப்பலேறிய பெரியப்பா வீட்டுக் கல்யாணத்துக்குப் புறப்பட்டவர் என்று பலரும் வருகிறார்கள். படிவம் முடிந்த பிறகு சட்டத்தைப் பற்றி ஏதாவது ஒன்றைக் கேட்காமல் எழுந்து போகிறவர் குறைவு. அங்கே இருக்கும் தம்பி மகனோ, மருமகனோ ஏதோ ஒரு வழக்கில் சிக்கியிருப்பார். அல்லது தமக்கே அப்படி நேர்ந்துவிடுமோ என்ற பயம் இருக்கும். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை அவரவர் கேட்டபடியே கீழே தொகுத்திருக்கிறேன். இது வக்கீலின் ஆலோசனைக்கு மாற்று அன்று. வக்கீல் வந்து சேரும்வரை தெரிந்திருக்க வேண்டியவை மட்டுமே இதில் உள்ளன.

அண்ணே, பர்மாச் சட்டமும் இந்தியச் சட்டமும் ஒரே வெள்ளைக்காரன் எழுதினதுதானே? இங்கே தெரிந்தது அங்கே போதாதா?

வேர் ஒன்றுதான். 1937 ஏப்ரல் 1 வரை பர்மா பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணமாக இருந்ததால், 1860-ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டம், 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டம், 1898-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் ஆகிய மூன்றும் இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக இருந்தன. இங்கே அவை திருத்தங்களோடு இன்றும் நடப்பில் உள்ளன. இந்தியாவோ 1974 ஏப்ரல் 1 முதல் நடைமுறைச் சட்டத்தைப் புதிதாக்கிக்கொண்டது; பிறகு 2024 ஜூலை 1 முதல் மூன்றையுமே விலக்கிவிட்டு, பாரதிய நியாய சன்ஹிதா, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, பாரதிய சாக்ஷிய அதினியம் என்று மூன்று புதிய சட்டங்களைக் கொண்டுவந்தது. இனிமேல் இவற்றை முறையே தண்டனைச் சட்டம், நடைமுறைச் சட்டம், சாட்சியச் சட்டம் என்றே குறிப்பிடுகிறேன். சட்டத்தின் பெயர் சொல்லாமல் பிரிவு எண் மட்டும் வந்தால் அது நடைமுறைச் சட்டத்தின் பிரிவு.

ஆகவே இங்கே நமக்குப் பழகிய எண்கள் அங்கே உதவமாட்டா. கொலைக்கு 302 என்றும் மோசடிக்கு 420 என்றும் நாம் சொல்வது இந்தியாவில் இப்போது 103 என்றும் 318 என்றும் ஆகிவிட்டது. அதைவிடப் பெரிய வேறுபாடு, இந்தியாவில் இந்தச் சட்டங்களுக்கு மேலே 1950 முதல் அரசியலமைப்பு இருக்கிறது என்பது. குற்றம் சாட்டப்பட்டவருக்கான காப்புகளில் முக்கியமானவை அதன் 20, 21, 22-ஆம் உறுப்புகளில் உள்ளன. நாடாளுமன்றம் இயற்றும் சாதாரணச் சட்டத்தால் அவற்றைக் குறைக்க முடியாது.

நான் இந்தியக் குடிமகன் இல்லை, பர்மா பாஸ்போர்ட்தான். இந்த உரிமையெல்லாம் எனக்கும் உண்டா?

உண்டு. பேச்சுரிமை முதலானவற்றைத் தரும் 19-ஆம் உறுப்பு குடிமக்களுக்கு மட்டுமே உரியது. 20, 21, 22-ஆம் உறுப்புகள் இந்திய மண்ணில் உள்ள எவருக்கும் பொருந்தும். 22-ஆம் உறுப்பின் கைதுக் காப்புகள் மட்டும் எதிரி நாட்டவருக்கும், குற்றம் நடக்காமல் தடுக்க முன்கூட்டியே பிடித்துவைக்கும் தடுப்புக் காவலில் இருப்பவருக்கும் பொருந்தா. மும்பைத் தாக்குதல் வழக்கில் பாகிஸ்தானியரான அஜ்மல் கசாபின் மேல்முறையீட்டை 2012-இல் தீர்த்தபோதுகூட, வக்கீல் பெறும் உரிமை அவருக்கும் உண்டு என்ற அடிப்படையில்தான் உச்ச நீதிமன்றம் ஆராய்ந்தது.

என் அக்கா மகன் மதுரையில் கடை வைத்திருக்கிறான். ஸ்டேஷனுக்கு வரச் சொல்லி நோட்டீஸ் வந்திருக்கிறது. போனால் உட்கார வைத்துவிடுவார்களா?

ஏழு ஆண்டு வரை மட்டுமே தண்டனை உள்ள குற்றமாக இருந்தால், உடனே கைது செய்யாமல் நோட்டீஸ் (இப்போது நடைமுறைச் சட்டத்தின் 35-ஆம் பிரிவு) கொடுத்து விசாரிப்பதே வழக்கமாக இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் அர்னேஷ் குமார் வழக்கில் கண்டிப்பாகச் சொல்லியது. நோட்டீசின்படி ஒருவர் வந்து ஒத்துழைத்துக்கொண்டிருக்கும்வரை அவரைக் கைது செய்யக் கூடாது. செய்தே ஆக வேண்டும் என்றால் அதற்கான காரணத்தைப் போலீசார் எழுத்தில் பதிய வேண்டும். எனவே நோட்டீஸ் வந்திருப்பது ஒரு வகையில் நல்ல செய்தியே. அதைப் பொருட்படுத்தாமல் இருந்துவிடுவதுதான் கைதுக்கு வழி திறந்துவிடும். வாட்ஸாப்பில் அனுப்புவது இந்த நோட்டீசை முறைப்படி சேர்ப்பித்தது ஆகாது என்று 2025-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

அப்படியும் பயம் இருந்தால், 482-ஆம் பிரிவின்கீழ் செஷன்ஸ் நீதிமன்றத்திலோ உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையிலோ முன்ஜாமீன் கேட்கலாம். சாட்சியாக மட்டும் கூப்பிடப்படுகிறவர் பெண்ணாகவோ, அறுபது வயதைக் கடந்தவராகவோ, பதினைந்து வயதுக்குக் குறைந்தவராகவோ இருந்தால், அவரை ஸ்டேஷனுக்கு வரவழைக்கக் கூடாது. போலீசார்தாம் அவர் இருக்கும் இடத்துக்குப் போய் விசாரிக்க வேண்டும்.

பிடித்துக்கொண்டு போகும்போது போலீஸ் என்னென்ன சொல்ல வேண்டும், என்னென்ன எழுத வேண்டும்?

கைது செய்யும் அதிகாரியின் பெயர் தெளிவாகத் தெரிய வேண்டும். கைதுக் குறிப்பாணை ஒன்று எழுதப்பட்டு, குடும்பத்தாரோ அப்பகுதியில் மதிப்புள்ள ஒருவரோ சாட்சிக் கையெழுத்திட வேண்டும்; கைதானவரும் கையெழுத்திட வேண்டும். கைதானவர் பெயர் சொல்லும் உறவினருக்கோ நண்பருக்கோ தகவல் போக வேண்டும். இவை 1996-இல் டி. கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த விதிகள். பின்னர் சட்டத்திலேயே சேர்க்கப்பட்டு, இப்போது 36, 48-ஆம் பிரிவுகளில் உள்ளன. பெண்ணைப் பெண் போலீஸ்தான் தொட்டுக் கைது செய்யலாம். சூரியன் மறைந்த பிறகும் உதிக்கும் முன்பும் பெண்ணைக் கைது செய்ய வேண்டும் என்றால், விதிவிலக்கான சூழ்நிலையும் மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதியும் வேண்டும்.

இவற்றுள் இப்போது அதிகப் பலன் தருவது கைதின் அடிப்படையைத் தெரிவிக்கும் கடமை. “விசாரணைக்குத் தேவை”, “தப்பி ஓடக்கூடும்” போன்ற பொதுவான வரிகள் போதா. இந்த மனிதர் மீது குறிப்பாக என்ன குற்றச்சாட்டு என்பது அவருக்குத் தெரிய வேண்டும். 2025 பிப்ரவரியில் விஹான் குமார் வழக்கில், அது அவருக்குப் புரியும்படி தெரிவிக்கப்படாவிட்டால் கைதே செல்லாது என்று உச்ச நீதிமன்றம் கூறியது. அதே ஆண்டு நவம்பரில் இன்னும் ஒரு படி மேலே போய், எந்தக் குற்றமானாலும் அந்த விவரத்தை அவருக்குத் தெரிந்த மொழியில் எழுத்தில் தர வேண்டும் என்றும், உடனே முடியாவிட்டால் மாஜிஸ்திரேட் முன் கொண்டுபோவதற்கு இரண்டு மணி நேரம் முன்பாவது தந்துவிட வேண்டும் என்றும் சொன்னது. தமிழ் பேசத் தெரிந்தும் எழுத்துக் கூட்டத் தெரியாமல் பர்மிய மொழி மட்டும் படிக்கும் நம் பிள்ளைகள் விஷயத்தில் இந்த வரி மிகவும் பயன்படும்.

சனிக்கிழமை சாயங்காலம் பிடித்தால் கோர்ட் லீவு. திங்கட்கிழமை வரை வைத்துக்கொள்ளலாமாமே?

முடியாது. கைது செய்த 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்று அரசியலமைப்பின் 22-ஆம் உறுப்பே சொல்கிறது. பயணத்துக்கு உண்மையில் தேவைப்படும் நேரம் மட்டும் கழியும். ஞாயிறும் பண்டிகையும் கழியமாட்டா. விடுமுறையானால் பொறுப்பில் உள்ள மாஜிஸ்திரேட்டின் வீட்டுக்கே அழைத்துப் போவார்கள்.

நேரம் எங்கிருந்து தொடங்குகிறது என்பதில்தான் வம்பு. இரண்டு நாள் “சும்மா விசாரிக்கிறோம்” என்று உட்கார வைத்துவிட்டு, மூன்றாம் நாள் காலையில் கைது எழுதுவது பழைய பழக்கம். 2025 ஜனவரியில் தீர்க்கப்பட்ட ஒரு வழக்கில், விமான நிலையத்தில் நிறுத்தப்பட்டு அமலாக்கத் துறையிடம் ஒப்படைக்கப்பட்டவரைப் பொறுத்து, தாளில் எழுதிய கைது நேரத்தை விட்டுவிட்டு, அவர் அத்துறையின் பிடிக்குள் வந்த நேரத்தில் இருந்தே உச்ச நீதிமன்றம் 24 மணியை எண்ணி, கைது செல்லாது என்றது. எனவே வீட்டில் இருப்பவர்கள் செய்ய வேண்டிய முதல் வேலை, எத்தனை மணிக்கு, யார், எந்த வண்டியில் அழைத்துப் போனார்கள் என்பதை எழுதி வைப்பது. தெருவில் கண்காணிப்புக் கேமரா இருந்தால் அந்தப் பதிவை உடனே கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். சில நாளில் அது அழிந்துவிடும்.

மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்துகிறார்கள், இரண்டே நிமிஷத்தில் அனுப்பிவிடுகிறார்கள். அங்கே பேச என்ன இருக்கிறது?

பேச வேண்டியதெல்லாம் அங்கேதான் இருக்கிறது. அடித்தார்களா, எப்போது பிடித்தார்கள், என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள், வக்கீல் இருக்கிறாரா, மொழி புரிகிறதா என்ற ஐந்தையும் கேட்காவிட்டாலும் சொல்லிவிட வேண்டும். கைதானவரைக் கைதுக்குப் பிறகு உடனே மருத்துவர் பரிசோதிக்க வேண்டும் என்று 53-ஆம் பிரிவு சொல்கிறது; காயம் இருந்தால் அதில் பதிவாக வேண்டும். 2020 ஜூனில் தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளத்தில் போலீஸ் காவலில் தாக்கப்பட்ட தந்தையும் மகனும் மாஜிஸ்திரேட்டின் ரிமாண்டுக்கு, அதாவது காவலில் வைக்கும் உத்தரவுக்குப் பிறகு கோவில்பட்டிக் கிளைச் சிறைக்கு அனுப்பப்பட்டு, பின்னர் இறந்துபோனார்கள். ரிமாண்டு என்பது ரப்பர் முத்திரை குத்தும் வேலையாகிவிட்டால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழ்நாட்டில் வேறு சான்று தேவையில்லை.

ரிமாண்டு எத்தனை நாள்? எப்போது தானாக ஜாமீன் கிடைக்கும்?

போலீஸ் காவல் வேறு, சிறையில் வைக்கும் நீதிமன்றக் காவல் வேறு. போலீஸ் காவல் மொத்தம் 15 நாளுக்கு மேல் போகக் கூடாது. பழைய சட்டத்தில் அது முதல் 15 நாளுக்குள்ளேயே முடிய வேண்டும்; இப்போதைய 187-ஆம் பிரிவின்படி, குற்றத்தின் கடுமையைப் பொறுத்து முதல் 40 நாளுக்குள்ளோ 60 நாளுக்குள்ளோ பிரித்துப் பிரித்தும் கேட்கலாம். இது குற்றம் சாட்டப்பட்டவருக்குப் பாதகமான மாற்றம் என்பதே என் கருத்து. சிறைக்குப் போய்விட்டான், இனி போலீஸ் தொடாது என்று குடும்பம் நிம்மதி கொள்வதற்கு முன்பு இருந்த இடம் இப்போது இல்லை.

“தானாக” என்பது தவறு. மரண தண்டனை, ஆயுள் தண்டனை, பத்து ஆண்டோ அதற்கு மேலோ சிறை ஆகியவற்றுக்குரிய குற்றமானால் 90 நாளுக்குள்ளும், மற்றவற்றில் 60 நாளுக்குள்ளும் குற்றப்பத்திரிகை தாக்கலாகாவிட்டால், ஜாமீன் பெறும் உரிமை பிறக்கிறது. ஆனால் அதைக் கேட்க வேண்டும். கேட்பதற்கு முன்பே குற்றப்பத்திரிகை வந்துவிட்டால் அந்த உரிமை போய்விடும். கேட்டுவிட்ட பிறகு அவசர அவசரமாகக் குற்றப்பத்திரிகையைக் கொண்டுவந்து போட்டால் அதனால் உரிமை அழியாது. சென்னையில் எழுந்த எம். ரவீந்திரன் வழக்கில் 2020-இல் இது உறுதியானது. வாய்மொழியாகக் கேட்டாலும் போதும் என்று 2017-இல் ராகேஷ் குமார் பால் வழக்கில் சொல்லப்பட்டது.

நாள் எண்ணுவது கைதான நாளில் இருந்து அன்று. மாஜிஸ்திரேட் ரிமாண்டு செய்த நாளில் இருந்து, அந்த நாளையும் சேர்த்து. சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்தில் இந்தக் கெடு 180 நாள் வரை நீளலாம்; போதைப்பொருள் சட்டத்தில் வணிக அளவு பிடிபட்ட வழக்குகளில் கெடுவே 180 நாள், நீதிமன்றம் அனுமதித்தால் ஓர் ஆண்டு வரை நீளலாம். வக்கீல் எண்ணிக்கொள்வார் என்று விட்டுவிடாமல், குடும்பத்திலும் ஒருவர் காலண்டரில் குறித்துக்கொண்டு, கடைசி நாளுக்கு முன்பே மனுவை எழுதித் தயாராக வைத்திருப்பது நல்லது.

வக்கீலுக்குக் கொடுக்கக் காசு இல்லை. இங்கிருந்து அனுப்பவும் வழியில்லை. என்ன செய்வது?

காவலில் இருக்கும் எவருக்கும், வருமானம் எவ்வளவு என்று பாராமல், 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு இலவச வக்கீல் தருகிறது. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கும். இந்தியாவில் உள்ள உறவினர் 15100 என்ற எண்ணில் அழைத்தும் கேட்கலாம். இந்த உரிமை இருப்பதை முதல் முறை நிறுத்தப்படும்போதே சொல்வது மாஜிஸ்திரேட்டின் கடமை என்று மேலே சொன்ன கசாப் தீர்ப்பு கூறுகிறது. கேட்கவில்லை என்பதற்காக மறுக்க முடியாது என்பது 1986-இல் சுக் தாஸ் வழக்கிலேயே முடிவான விஷயம்.

விசாரணையின்போது வக்கீலைச் சந்திக்கலாம். ஆனால் விசாரணை முழுவதும் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம் என்று 38-ஆம் பிரிவு சொல்லவில்லை.

தூதரகத்துக்குச் சொல்லிவிடுவார்களா? சொல்லாமல் இருக்கச் சொல்லலாமா?

இந்தக் கேள்வியை இரண்டு விதமாகவும் கேட்கிறார்கள். தூதரக உறவுகள் பற்றிய 1963-ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையில் இந்தியாவும் மியன்மாவும் சேர்ந்திருக்கின்றன. அதன் 36-ஆம் உறுப்பின்படி, கைதான வெளிநாட்டவரிடம் இந்த உரிமையைச் சொல்ல வேண்டும். அவர் விரும்பிக் கேட்டால் தூதரகத்துக்குத் தாமதமின்றித் தகவல் தர வேண்டும். அந்த உறுப்பு இதைக் கைதானவரின் விருப்பத்தை ஒட்டியே வைத்திருக்கிறது. மியன்மாத் தூதரகம் புது தில்லியிலும் துணைத் தூதரகம் கொல்கத்தாவிலும் உள்ளன. தகவல் போவதால் தமக்கோ இங்குள்ள குடும்பத்துக்கோ இடையூறு வரும் என்று கருதுகிறவர், அதை வக்கீலிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

அடித்து வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். எல்லாம் முடிந்துபோயிற்றா?

முடியவில்லை. போலீஸ் அதிகாரியிடம் சொன்ன குற்ற ஒப்புதலையும், மாஜிஸ்திரேட் உடன் இல்லாமல் போலீஸ் காவலில் இருக்கும்போது சொன்ன ஒப்புதலையும் அவருக்கு எதிராகச் சாட்சியமாக்க முடியாது. சாட்சியச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு இதுதான். போலீசார் விசாரணையில் எழுதும் வாக்குமூலத்தில் சொன்னவரின் கையெழுத்தே வாங்கக் கூடாது என்று நடைமுறைச் சட்டம் தனியாகச் சொல்கிறது. ஒப்புதல் செல்ல வேண்டும் என்றால், மாஜிஸ்திரேட் முன், இது உன்மீதே திரும்பலாம், சொல்லியே தீர வேண்டும் என்று இல்லை என்ற எச்சரிக்கைக்குப் பிறகு, தானாக முன்வந்து சொன்னதாக இருக்க வேண்டும்.

ஒரு பொத்தல் உண்டு. “கத்தியைக் கிணற்றடியில் புதைத்தேன்” என்று சொல்லி, அங்கே கத்தி கிடைத்தால், அந்தக் கண்டுபிடிப்போடு நேரடியாகத் தொடர்புள்ள பகுதி மட்டும் ஏற்கப்படும். “அதைக் கொண்டு குத்தினேன்” என்ற பகுதி ஏற்கப்படாது. கீழ் நீதிமன்றங்களில் வாதம் பெரும்பாலும் இந்தப் பிளவைச் சுற்றியே நடக்கிறது.

ஏர்போர்ட்டில் தங்கத்தோடு பிடித்த கஸ்டம்ஸ்காரரிடம் எழுதிக் கொடுத்தால்கூட அப்படித்தானா?

இல்லை, இங்கேதான் நம்மவர்கள் ஏமாந்துபோகிறார்கள். சுங்க அதிகாரி போலீஸ் அதிகாரி ஆகார் என்பது 1968 முதல் நிலைத்துவிட்ட சட்டம். சுங்கச் சட்டத்தின் 108-ஆம் பிரிவின்கீழ் அவரிடம் எழுதிக் கொடுத்த வாக்குமூலம், மிரட்டியோ ஆசைகாட்டியோ வாங்கப்பட்டது என்று காட்டினால் ஒழிய, சாட்சியமாகும். போதைப்பொருள் வழக்கில் நிலை வேறு: 2020-இல் தூஃபான் சிங் எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில், அந்தச் சட்டத்தின் அதிகாரிகளிடம் தந்த ஒப்புதல் செல்லாது என்று பெரும்பான்மைத் தீர்ப்பு வந்தது. சுங்கத்திடம் மிரட்டலுக்குப் பணிந்து எழுதியிருந்தால், அடுத்து வரும் முதல் வாய்ப்பிலேயே, அதாவது மாஜிஸ்திரேட் முன்னிலையில், அதை மறுத்துச் சொல்ல வேண்டும். மாதக்கணக்கில் கழித்து மறுத்தால் மதிப்புக் குறைந்துவிடும்.

பேசாமல் இருந்தால் குற்றவாளி என்றுதானே நினைப்பார்கள்?

தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லும்படி எவரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்று 20-ஆம் உறுப்பு சொல்கிறது. அது போலீஸ் ஸ்டேஷனிலும் பொருந்தும் என்று 1978-இல் நந்தினி சத்பதி வழக்கில் தீர்ப்பாயிற்று. சம்மதமில்லாமல் உண்மை கண்டறியும் மருந்தோ கருவியோ கொண்டு சோதிக்கக் கூடாது என்று 2010-இல் செல்வி வழக்கில் சொல்லப்பட்டது. ஆனால் கைரேகை, கையெழுத்து மாதிரி, இரத்தம், குரல் மாதிரி ஆகியவற்றை இந்த உறுப்பைக் காட்டி மறுக்க முடியாது.

விசாரணையின் முடிவில் நீதிபதியே எதிர்ச் சாட்சியங்களை ஒவ்வொன்றாகச் சொல்லி விளக்கம் கேட்பார். அங்கே சத்தியப் பிரமாணம் கிடையாது. பதில் சொல்லாததற்குத் தண்டனையும் கிடையாது. என்றாலும் அதைச் சடங்காக நினைத்து எல்லாவற்றுக்கும் “பொய்” என்று மட்டும் சொல்லிவிட்டு வருவது நல்ல வாய்ப்பை வீணாக்குவதாகும்.

வெளிநாட்டுக்காரனுக்கு ஜாமீனே கிடையாது என்கிறார்களே?

அப்படி ஒரு சட்டம் இல்லை. ஜாமீனில் விடத்தக்க குற்றமானால் ஜாமீன் உரிமை. ஒரு வாரத்துக்குள் ஜாமீன்தாரர் கிடைக்காவிட்டால் அவரை வசதியற்றவராகக் கொண்டு சொந்தப் பிணையிலேயே விட வேண்டும். ஜாமீனில் விட முடியாத குற்றமானால் நீதிமன்றத்தின் முடிவு. அங்கே “ஓடிவிடுவார்” என்ற வாதம் வெளிநாட்டவர் மீது கூடுதலாகவே எழும். பாஸ்போர்ட்டை ஒப்படைப்பது, உள்ளூர் முகவரி, வாரம் ஒருமுறை கையெழுத்து ஆகியவற்றை நாமே முன்வந்து சொன்னால் அந்த வாதம் மெலியும்.

எதையும் நிபந்தனையாக்கிவிடவும் முடியாது. நைஜீரியர் ஒருவரின் வழக்கில் 2024 ஜூலையில், கைப்பேசியில் இருக்குமிடத்தைப் போலீசாருக்கு எப்போதும் காட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்ற நிபந்தனையையும், நாட்டை விட்டுப் போகமாட்டார் என்று தூதரகச் சான்றிதழ் கொண்டுவர வேண்டும் என்ற நிபந்தனையையும் உச்ச நீதிமன்றம் நீக்கியது. ஜாமீன்தாரரின் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று தள்ளுவதும் தவறு என்று 1978-இலேயே மோதி ராம் வழக்கில் சொல்லப்பட்டுவிட்டது. தேவகோட்டைச் சித்தப்பா சென்னை வழக்குக்கு ஜாமீன் நிற்கலாமா என்று கேட்டவருக்கும் இதுவே பதில்.

மணிப்பூர் எல்லை மோரேயிலோ கொல்கத்தாவிலோ வழக்கு என்றால், அந்த ஊர் பாஷை எனக்கு என்ன புரியும்?

சாட்சி சொல்லப்படும் மொழி குற்றம் சாட்டப்பட்டவருக்குப் புரியாவிட்டால், திறந்த நீதிமன்றத்திலேயே அவருக்குப் புரியும் மொழியில் பெயர்த்துச் சொல்ல வேண்டும். இது 314-ஆம் பிரிவு. பர்மிய மொழி மட்டும் தெரிந்தவர் அதையும் கேட்கலாம். தமிழ்நாட்டில் கீழ் நீதிமன்றங்களில் தமிழ் நடக்கும், உயர் நீதிமன்றத்தில் ஆங்கிலம்தான்.

நான் செய்யவில்லை என்று நான்தான் நிரூபிக்க வேண்டுமா?

பொதுவாக இல்லை. சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கும் பாரம் அரசுத் தரப்புக்கே. முதல் தகவல் அறிக்கை, குற்றப்பத்திரிகை, சாட்சிகளின் வாக்குமூலங்கள் ஆகியவற்றின் நகல்களை, குற்றம் சாட்டப்பட்டவர் நீதிமன்றத்தில் வந்த 14 நாளுக்குள் இலவசமாகத் தர வேண்டும். சாட்சியம் அவர் முன்னிலையில் பதிவாக வேண்டும். குறுக்கு விசாரணைக்கு இடம் தர வேண்டும்.

நம்மவர்களைப் பாதிக்கும் விதிவிலக்குகள் இரண்டு. போதைப்பொருள் கைவசம் இருந்ததை அரசுத் தரப்பு முதலில் காட்டிவிட்டால், தெரியாமல் வைத்திருந்தேன் என்பதை வைத்திருந்தவரே காட்ட வேண்டும். யாரோ கொடுத்த பார்சலை வாங்கிக்கொண்டு போகாதே என்று பெரியவர்கள் சொல்வதற்குச் சட்டக் காரணமே இருக்கிறது. இன்னொன்று, ஒருவர் வெளிநாட்டவரா இல்லையா என்ற கேள்வி எழுந்தால், இல்லை என்று காட்டும் பொறுப்பு அவர்மீதே விழுகிறது. 1960-களில் திரும்பிப் போன குடும்பங்கள் தங்கள் அகதிச் சான்றுகளையும் குடும்ப அட்டைகளையும் பத்திரமாக வைத்திருக்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

குண்டாஸ் போட்டுவிட்டார்கள். 24 மணி நேரமும் 90 நாளும் அதற்கும் உண்டா?

இல்லை. குண்டாஸ் எனப்படும் தமிழ்நாட்டின் 1982-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் போடப்படுவது தடுப்புக் காவல். நடந்த குற்றத்துக்கான விசாரணை அன்று. 12 மாதம் வரை வைக்கலாம். 22-ஆம் உறுப்பின் 24 மணி நேர விதியும் வக்கீல் உரிமையும் இதற்குப் பொருந்தா.

ஆயினும் காப்பு உண்டு. காவலுக்கான காரணங்களையும் அதற்கு ஆதாரமான ஆவணங்களையும் தர வேண்டும். எதிர்த்து முறையிட வாய்ப்புத் தர வேண்டும். மூன்று மாதத்துக்கு மேல் நீட்டிக்க ஆலோசனைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். காரணங்கள் தெரிந்த மொழியில் தரப்படாவிட்டால் ஆணையே ரத்தாகும் என்பதற்கு உச்ச நீதிமன்றத்தில் 1960-களில் இருந்தே தீர்ப்புகள் உள்ளன. சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுவில் குண்டாஸ் ஆணைகள் அடிக்கடி உடைவது, முறையீட்டைப் பரிசீலிப்பதில் தாமதம், மொழிபெயர்ப்பில் பிழை, படிக்க முடியாத நகல் போன்ற காரணங்களால்தான்.

ஜாமீனில் இருக்கும்போது எப்படியாவது ஊருக்கு வந்துவிட்டால் வழக்கு நின்றுவிடாதா?

நின்றது அந்தக் காலம். பத்து ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றத்தில் தேடப்படும் குற்றவாளியாக அறிவிக்கப்பட்டு, உடனடியாகப் பிடிக்க வழியில்லாமல் ஓடியிருப்பவர் மீது, அவர் இல்லாமலேயே விசாரணை நடத்தித் தீர்ப்புச் சொல்ல 356-ஆம் பிரிவு இடம் தருகிறது. நீதிமன்றம் குற்றச்சாட்டைப் பதிவு செய்து 90 நாள் கழிய வேண்டும், முப்பது நாள் இடைவெளியில் இரண்டு பிடிவாரண்டு போக வேண்டும், செய்தித்தாளில் அறிவிப்பு வர வேண்டும், அரசுச் செலவில் வக்கீல் வைக்க வேண்டும் என்பவை அதிலுள்ள காப்புகள். சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யும் வாய்ப்பு வேறொருவர் கைக்குப் போய்விடும். ஜாமீன் நின்ற உறவினரின் பிணைத்தொகையும் போகும்.

போலீஸ் இதில் பாதியைச் செய்யவில்லை. அப்படியானால் வழக்கே தள்ளுபடிதானே?

இதுதான் எல்லாரும் எதிர்பார்ப்பதும், பெரும்பாலும் நடக்காததும். மேலே சொன்ன காப்புகள் எல்லாம் மீறப்பட்டால் ஒரே விளைவைத் தருபவை அல்ல. கைதின் அடிப்படை சொல்லப்படாவிட்டாலோ 24 மணி தாண்டினாலோ கைது செல்லாது, ஆள் வெளியே வருவார், வழக்கு தொடரும். முறைகேடான சோதனையில் கிடைத்த பொருளானாலும், தொடர்புள்ளதாக இருந்தால் சாட்சியமாக ஏற்கலாம் என்று 1973-இல் பூரண் மல் வழக்கில் தீர்ப்பாயிற்று. ஆனால் போதைப்பொருள் சட்டத்தின் 50-ஆம் பிரிவு வேறு வகை: உடலைச் சோதிப்பதற்கு முன், மாஜிஸ்திரேட் அல்லது அரசிதழ்ப் பதிவு பெற்ற அதிகாரி முன்னிலையில் சோதிக்கக் கேட்கும் உரிமை உண்டு என்று சொல்லாவிட்டால், அந்தச் சோதனையில் கிடைத்ததைக் கொண்டு தண்டிக்க முடியாது. பையைச் சோதித்தால் இது பொருந்தாது.

காவலில் கொடுமை நடந்திருந்தால் வழக்கின் முடிவுக்குக் காத்திராமல் இழப்பீடு கேட்கலாம். 1983-இல் ருதுல் ஷா வழக்கும் 1993-இல் நீலபதி பெஹரா வழக்கும் அதற்கு வழி வகுத்தன.

விடுதலை ஆகிவிட்டது. அடுத்த விமானத்தில் ஏறிவிடலாமா?

அதே குற்றத்துக்கு மறுபடியும் வழக்குத் தொடர முடியாது. ஆனால் விடுதலையை எதிர்த்து அரசு மேல்முறையீடு செய்யலாம், அது இரண்டாம் வழக்கு ஆகாது. இதற்காகவே விசாரணை முடியும் முன், மேல் நீதிமன்றம் அழைத்தால் வருவேன் என்று ஆறு மாதத்துக்கு ஒரு பிணைப்பத்திரம் எழுதி வாங்குவார்கள். ஒப்படைத்த பாஸ்போர்ட்டைத் திரும்பப் பெற, விசாரணை நடந்த நீதிமன்றத்தில் தனி மனு போட வேண்டும். விமான நிலையங்களுக்குத் தேடுதல் சுற்றறிக்கை போயிருந்தால் அதை விலக்கிக்கொள்ளும்படியும் அனுப்பிய துறைக்கு எழுதிக் கேட்க வேண்டும். விசா இதற்குள் காலாவதியாகியிருக்கும் என்பதால், வெளியேறும் அனுமதிக்கு வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் தீர்ப்பின் சான்றிட்ட நகலோடு விண்ணப்பிக்க வேண்டும். அந்த நகலுக்குத் தீர்ப்புச் சொன்ன அன்றே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.